அரைச்சுற்றுப் பூட்டு

2020ஆம் ஆண்டு தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு, சாம்பல்தீவிலும் நிலாவெளியிலும் சல்லியிலும் உள்ள ஏழு பேருடைய செயற்கைக் கால்கள் தாமாகவே விறைத்து, அணிவகுப்பில் நிற்பது போல நின்றன. கால் மாட்டியிருந்தவர்களை அவை தூக்கி நிறுத்தின. மாட்டாதவர்களின் கால்கள் கட்டிலடியிலிருந்தும் கதவு மூலையிலிருந்தும் வெளியே வந்து முற்றத்தில் தனியே நின்றன. இரண்டு நிமிடம் நின்றபின் எல்லாம் பழையபடி ஆயின. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தத் திங்கட்கிழமைதான் கடல் கடந்த ஒரு நாட்டின் படை ஒரு புதிய துப்பாக்கியை, எங்கள் ஊர்ப் பேச்சில் துவக்கை, முறைப்படி ஏற்றுக்கொண்டது என்பது தெரியவர மூன்று கிழமை ஆயிற்று. அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அந்தக் கால்களைச் செய்தவர் கதிரவேல். திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். 2006இல் இடம்பெயர்ந்து அலைந்தபோது, வெருகலுக்கு அப்பால் ஒரு பற்றைக்குள், அவருடைய ஏழு வயது மகள் லக்சாயினி மிதிவெடியில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் நல்ல கால்தான். ஆனால் பிள்ளை வளர்ந்தது, கால் வளரவில்லை. எட்டு மாதத்துக்கு ஒருமுறை புதுக்காலுக்கு அலைந்து களைத்துப்போன கதிரவேல், எஞ்சின் தண்டு ஒன்றை லேத்தில் கடைந்து, துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய ஒரு காலைத் தானே செய்தார். அரைச்சுற்றுத் திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், எதிர்ப்பக்கம் அரைச்சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். பிள்ளை வளர வளர நடுக்குழலை மட்டும் மாற்றினால் போதும். பிறகு அதே பூட்டுக்குப் பாதங்களும் செய்தார். கரைவலை இழுப்பதற்கு அகலமான மணல் பாதம், வள்ளத்தில் நிற்க ஒன்று, வயல் சேற்றுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. மீன் சந்தைக்குப் போன பாதத்தோடு அம்மன் சந்நிதிக்குள் நுழைய யாருக்கு மனம் வரும்? கோயில் பாதத்தை எல்லோரும் வெள்ளைத் துணியில் சுற்றித் தனியே வைத்திருந்தார்கள். லக்சாயினியைப் பார்த்து இன்னும் ஆறு பேர் வந்து செய்வித்துக்கொண்டார்கள்.

2016இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். கிண்ணியாக்காரர் றிப்தி மொழிபெயர்த்தார். ஏழை நாடுகளில் கால் இழந்தவர்களுக்காகவே வந்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள். றிப்தியும் நம்பினார், கதிரவேலும் நம்பினார். அவருடைய மனைவி பூரணம் வாய்ப்பன் சுட்டுக் கொடுத்தார். பூட்டுக்குள் எவ்வளவு மணல் போனால் இறுகும், உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும், ஏன் பாதங்கள் நான்கு என்றெல்லாம் கேட்டார்கள். தன்னுடைய வேலையை இவ்வளவு கவனமாக யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்ற சந்தோசத்தில் கதிரவேல் ஒன்றையும் மறைக்கவில்லை. கோயில் பாதத்தைத் துணி விலக்கியே காட்டினார்.

இரண்டு வருடம் ஒரு கடிதமும் இல்லை. மூன்றாம் வருடம், மழையில்லாத பங்குனியில், ஏழு கால்களின் பூட்டிலிருந்தும் ஒரு கிழமை முழுவதும் மணல் கொட்டியது. அது இந்தக் கடற்கரை மணல் இல்லை, சிவப்பு மணல். அடுத்த கிழமை உப்புத் தண்ணீர் வழிந்தது. அதற்கடுத்ததாக உதை தொடங்கியது. நடந்துகொண்டிருக்கும்போதே கால் பின்னுக்கு உதறும். ஒருமுறை, சிலநேரம் மூன்றுமுறை தொடர்ந்து. வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த கனகமணி அந்த உதையில் வரப்பிலிருந்து விழுந்தார். ஆளுக்கு ஆள் வாதம் என்றார்கள், நரம்பு என்றார்கள். பிறகு லக்சாயினி தொலைபேசியில் ஒரு காணொளியைத் தகப்பனுக்குக் காட்டினாள். ஏதோ ஒரு ஆயுதக் கண்காட்சி. சீருடைக்காரன் ஒருவன் துவக்கின் குழலை அரைச்சுற்றுத் திருப்பிக் கழற்றி வேறொன்றைப் பூட்டினான். ஓர் உடல், நான்கு குழல்கள். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று, ஓயாமல் சுடுவதற்கு ஒன்று. கடைசியாக, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த ஒரு நீண்ட குழல், ஒளிந்திருந்து ஒற்றை ஆளைச் சுடுவதற்கு. 'டக்' என்ற சத்தம் கேட்டதும் கதிரவேல் தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

படை ஏற்றுக்கொள்ளும்வரை அது காகிதத்தைத்தான் சுட்டது. காகிதத்தைச் சுட்டால் உதை கணுக்காலோடு நின்றுவிடும். ஏற்றுக்கொண்டு ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில், சல்லி அம்மன் கோயிலுக்குள் கரைவலைக்காரர் பிரகலாதன் கோயில் பாதத்தோடு கும்பிட்டு நின்றபோது ஒரேயொரு உதை வந்தது. அது கணுக்காலோடு நிற்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் போன, அவரிடம் இல்லாத ஐந்து விரல்களும் ஐஸ்கட்டிக்குள் வைத்தது போலக் குளிர்ந்தன. அதே நேரத்தில் மற்ற ஆறு பேருக்கும் விரல்கள் குளிர்ந்தன. இந்த முறை சுடப்பட்டது காகிதமில்லை என்பதை யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பிரகலாதன் திருநீறு வாங்காமல் வெளியே வந்தார்.

அந்த வருடம் முழுவதும் ஏழு வீடுகளும் நடுங்கிக் கிடந்தன. பொலிசில் சொல்ல ஏலாது. துவக்கு என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் பலமாகச் சொன்னவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். கதிரவேல் வேறு பூட்டு வைத்துப் புதுக்கால் செய்தார். மூன்றாம் நாள் அதுவும் அரைச்சுற்றுப் பூட்டாகவே மாறிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்த காலும் அப்படியே மாறியது. எரித்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. உதை இறங்குவதற்குக் கால் இல்லையென்றால் அது உடம்பில் எங்கே இறங்கும் என்று யார் கண்டது?

வழியைக் கண்டவர் பிரகலாதன்தான். கனகமணி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையும் ஒருவருக்கும் உதை வரவில்லை என்பதை அவர் கவனித்தார். ஏழு கால்களும் மாட்டியிருந்தால்தான் அது சுடும், ஒன்று கழன்றிருந்தால் சுடாது. கரைவலையில் ஒரே பாட்டில், அதாவது ஒரே கரைத் துண்டில், வலை இழுக்கிறவர்கள் இன்றைக்கு இவர் வலை, நாளைக்கு அவர் வலை என்று முறை வைத்துக்கொள்வது வழக்கம். பிரகலாதன் அதே மாதிரி ஏழு பேருக்கும் கிழமையின் ஏழு நாளையும் பங்கிட்டார். அவரவர் முறைநாளில் விடிந்ததிலிருந்து எல்லோரும் படுக்கும்வரை காலைத் தொடக்கூடாது. புதன்கிழமை லக்சாயினிக்கு வந்தது. ஏறக்குறைய மூன்று வருடம் ஓர் உதைகூட இல்லை. ஆறு மணி அணிவகுப்பு மட்டும் நடந்தது, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

லக்சாயினி அப்போது ஊரில் பாலர் பாடசாலை ஆசிரியை. சம்பளமென்று சொல்லக்கூடிய சம்பளம் இல்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலைக்கு நான்கு முறை எழுதிப் போட்டிருந்தாள். 2023 ஆவணியில் நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தபாலில் தாமதித்து, பரீட்சை நாளன்று காலையில்தான் கையில் கிடைத்தது. அன்று புதன்கிழமை. முறை மாற்றுவதென்றால் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். பிரகலாதன் கரையில் வலையோடு நின்றார், தொலைபேசியை எடுக்கவில்லை. பரீட்சை இரண்டாம் மாடியில். ஊன்றுகோலோடு போனால் வேலை தரமாட்டார்கள் என்று அவள் நினைத்தாள், அப்படி நினைத்ததில் பிழையும் இல்லை. பத்து நிமிடம்தானே என்று படிக்கட்டடியில் வைத்துக் காலை மாட்டினாள்.

பதினெட்டாம் படியில் முதல் உதை வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அவள் படியிலேயே இருந்து பூட்டைத் திருப்பக் கை வைத்தாள். கை வேர்வையில் வழுக்கியது. கழன்று வருவதற்குள் ஆறு உதை ஆகிவிட்டது. இல்லாத விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. கோப்புகளோடு ஏறியவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேலே அவளுடைய பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று பின்னேரமே ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஏசுவதற்கு வந்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு முற்றத்தில் அவளைச் சுற்றி இருந்துவிட்டார்கள். "அண்ணன், இனி முறை வேண்டாம். ஏழு நாளுக்கும் என்ர பேரை எழுதுங்கோ," என்றாள் பிரகலாதனிடம். கனகமணி அழுதார், ஏலாது என்றார், ஒரு நாளையாவது தனக்கு விடும்படி கெஞ்சினார். "அக்கா, நீங்கள் வயலுக்குப் போங்கோ. நான் திரும்பவும் ஒரு நாள் அவசரப்பட்டுப் போட்டிடுவன். எனக்கு என்னைப் பயமாய்க் கிடக்கு," என்றாள் லக்சாயினி. காலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தாயிடம் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்துப் பொறியியலாளர்களில் ஒருவர் தனியே வந்தார். துவக்கு உலகத்தில் எங்கேயும் சுடவில்லை என்றார். குழல் சரி, பூட்டுச் சரி, பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. றிப்தி இதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே கதிரவேலின் சட்டை நனைந்துவிட்டது. பொறியியலாளர் கதிரையில் இருந்த லக்சாயினியைப் பார்த்தார். முதன்முதல் செய்த கால் இவளுடையதுதானே, மாட்டிக்கொண்டு முற்றத்தில் நாலடி நடந்து காட்ட முடியுமா என்று கேட்டார். நல்ல மனிதர் போலத்தான் கேட்டார். மற்ற ஆறு கால்களும் அந்த நேரத்தில் வயலிலும் கரையிலும் சந்தையிலும் நடந்துகொண்டிருந்தன. பூரணம் திறப்பை முந்தானையில் இறுக்கிப் பிடித்தார்.

"ஏலாது," என்றாள் லக்சாயினி.

றிப்தி அவளைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். பிறகு அந்த ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் மொழிபெயர்த்தார். என்ன சொன்னார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, கேட்டாலும் அவர் சொல்வதில்லை. பொறியியலாளர் தொப்பியைக் கழற்றித் தலையாட்டிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. அந்தப் படைக்கும் பழகிவிட்டது. துவக்கு இலேசானது, பார்வைக்கு அழகானது, துடைக்கச் சுகமானது. கையேட்டின் புதிய பதிப்பில், இது சுடுவதில்லை என்று ஒரு வரி சேர்த்திருப்பதாகக் கேள்வி.

பொறியியலாளரின் வாகனம் போன பிறகு கதிரவேல் மகளுடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"நடக்கத்தானே பிள்ளை செய்து தந்தனான்," என்றார்.

"நடந்தனான்தானே அப்பா. பதினாறு வருசம் நடந்தனான். எனக்கு அது காணும்."

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிக் கேட்டதில்லை. பாலர் பாடசாலை இப்போது லக்சாயினியின் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய்மார் சிலர், விபரம் தெரியாமல், "ரீச்சர், கொஞ்சம் எழும்பி வாங்கோ," என்று படலையில் நின்று கூப்பிடுவதுண்டு. உடனே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேராவது, கை வேலையை அப்படியே போட்டுவிட்டு, முகம் வெளிறி ஓடி வருவார்கள். "வேண்டாம், வேண்டாம்," என்பார்கள். "அவா இருக்கட்டும்."