பரிவட்டப் பெட்டி

அன்று கோயில் வாசலில் இருந்தவர்கள்: நாகராஜனாகிய நான், கீழத்தெரு உத்திராபதி, கோயில் கமிட்டித் தலைவர் மணவாளன், பூசாரி சாமிக்கண்ணு, என் மருமகள் ஜெயசுதா. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள்; பிறகு ஊரெல்லாம் கதை கட்டியவர்களும் அவர்கள்தாம்.

அம்மன் புறப்படுமுன் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுத் தலைக்குத்தான். உத்திராபதி வீட்டுக்கு இது தாத்தா காலத்திலிருந்தே தெரியும். தெரியாதது போல் இருப்பதுதான் அவர்கள் பரம்பரைச் சொத்து. இந்த ஆண்டு தகராறைத் தீர்க்க மணவாளன் மூலக்குளத்து எலக்ட்ரிக் கடையில் ஒரு பெட்டி செய்து வாங்கி வந்தார். இரண்டு பொத்தான், இரண்டு விளக்கு. மணி அடித்ததும் முதலில் அமுக்கியவர் விளக்கு எரியும், மற்றவருடையதைப் பூட்டிவிடும். இயந்திரத்துக்கு மாமன் மச்சான் கிடையாது என்று மைக்கில் பெருமை வேறு.

ஜெயசுதா திருபுவனை தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு சோதிப்பவள். பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“மாமா, பூட்டுற சிக்னல் அந்தப் பக்கம் போய்ச் சேர லேட்டாவுது. அதுக்குள்ள அவரும் அமுக்கிட்டா, ரெண்டும் ஒண்ணையொண்ணு பூட்டும், தொறக்கும், பூட்டும். நிக்காது. ஒருத்தர் சிக்னலை மட்டும் கொஞ்சம் நிறுத்தி அனுப்பினா சரியாயிடும்.”

யாருடையதை என்று கேட்டேன். யாருடையதாக இருந்தால் இன்னா என்றாள். எங்கள் வீட்டுச் சிக்னல் உத்திராபதிக்காகக் காத்து நிற்காது என்று சொல்லிவிட்டேன். அவரும் அதையே சொன்னார். வாழ்நாளில் அவர் பேசிய ஒரே நியாயம், அதுவும் என்னைப் பார்த்துப் பேசியது.

மணி அடித்தது. அமுக்கினோம். இரண்டு விளக்கும் எரிந்தன, அணைந்தன, எரிந்தன. கல்யாண மண்டபத்து சீரியல் செட் தோற்றது. மணவாளன் பெட்டியைத் தட்டினார், பிறகு கும்பிட்டார். யாராவது ஒருவர் விரலை எடுத்தால் நின்றுவிடும் என்றாள் ஜெயசுதா.

“நீ எடுப்பா,” என்றார் உத்திராபதி.

“உன் வூட்டு வெளக்கு இவ்ளோ எரியறதே என் தயவுல. நீ எடு,” என்றேன்.

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பல்லக்குத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பூசாரி பரிவட்டத்தோடு விளக்கு எரியும்போது ஓரடி முன்னால் வந்தார், அணையும்போது பின்னால் போனார்.

திடீரென்று இரண்டும் ஒரேயடியாக அணைந்தன. இதுதான் சமயமென்று பூசாரி பரிவட்டத்தைப் பல்லக்குக் கொம்பிலேயே சுற்றிவிட்டு அம்மனைக் கிளப்பிவிட்டார்.

நாகராஜன் விரலை எடுத்ததால்தான் விளக்கு அணைந்தது என்று மண்ணாடிப்பட்டு வரை பேச்சு. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உத்திராபதி விளக்கு எரிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியவள் என் மருமகள்.