அனுப்பாத இரண்டாம் பக்கம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கும் சந்தனச்செல்வி, காலாண்டுத் தேர்வு நேரத்தில், ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னது. எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் தமிழாசிரியன், அவ்வப்போது கதை எழுதுகிறவன் என்பது தெரிந்துதான் சொன்னார் என்று நானாக வைத்துக்கொண்டேன். (கதைக்குள் வந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிடுகிறார். மன்னிக்க வேண்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாசி வெயிலில் உப்பளங்கள் கண்ணைக் கூச வைத்த ஒரு காலையில்...’

அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்றால் உப்பளத்தைக் காட்டியே ஆக வேண்டுமா என்ன?

இரண்டாவது தொடக்கம்: ‘சந்தனச்செல்வி கறுத்துக்கொண்டே வந்தாள்.’ இது இருக்கட்டும். ஒரு வருடமாகவே அப்படித்தான். விரல் முட்டிகள், உள்ளங்கை ரேகைகள், பிறகு ஈறுகள். பார்த்தவர்களெல்லாம், “வெயில்ல ரொம்ப அலையாதீங்க டீச்சர்” என்றார்கள். நானும் சொன்னேன். ரவிக்கைகள் தொளதொளத்தன. நாற்காலியை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதை விட்டு, அதன் உப்புத் தண்ணீரைக் கரண்டியால் குடிக்க ஆரம்பித்தாள். கணவன் செந்தூர்வேல் அதைப் பார்த்துச் சிரித்தான். “ஏளா, இந்த வயசுல மசக்கையா?”

அவளுக்கு நாற்பத்தொன்று. பிள்ளை இல்லை. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை என்று எழுதினால், அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

3

ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டு வரிசையில் விழுந்தாள். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் பள்ளிக்கு வரக்கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மறுநாள் காலை லேபிலிருந்து எமில்டா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாள். பெண்களுக்கான ஹார்மோன் பரிசோதனை என்று எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கம்.

எமில்டா அதைச் செந்தூர்வேலின் கையில் கொடுத்துவிட்டு, “சார், ரெண்டாம் பக்கத்துல கார்ட்டிசால் ரொம்பக் கம்மியா இருக்கு. டாக்டர்ட்ட கண்டிப்பா காட்டிருங்க” என்றாள்.

செந்தூர்வேல் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். சரக்குக் காகிதத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கன்டெய்னர் நகராது, அதைக் கண்டுபிடிக்கிற ஆள் அவன்தான். ரிப்போர்ட்டையும் அப்படித்தான் படித்தான். முதல் பக்கம்: டி.எஸ்.எச். 8.4. நாலைத் தாண்டக்கூடாது. இரண்டாம் பக்கம்: காலை கார்ட்டிசால் 2.1, ஆறுக்குக் கீழே போகக்கூடாது. சோடியம் 127, இருக்க வேண்டியது 135. இரண்டுக்கும் பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறி.

முதல் பக்கத்தைப் படமெடுத்து, தெரிந்த டாக்டர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தைராக்ஸின் மாத்திரை ஐம்பது, காலையில் வெறும் வயிற்றில், இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று பதில் வந்தது.

“ரெண்டாவது பக்கம்?” செல்வி படுத்தபடியே கேட்டாள்.

“அதுல எல்லாமே கம்மிதான் செல்வி. சுகரு, கொழுப்பு மாதிரி கூடுனாத்தான பயப்படணும்? கம்மினா நல்லதுதான.”

(அவன் முட்டாள் இல்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வருகிற அதட்டல். சுரப்பி சுணங்கினால் அதட்டல் கூடும். ஆக, அங்கே எண் கூடினால் சுரப்பு குறைவு. கார்ட்டிசாலோ சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் சரக்கேதான். அங்கே எண் குறைந்தால் சுரப்பே குறைவு. ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தெரியாதது குற்றமல்ல. ஆனால் எமில்டா சொன்னாளே.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்துகிறவள் தன் ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டாளா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

“தலையத் தூக்க முடியல சார். அவரு படிச்சிட்டேன்னாரு. சரின்னு விட்டுட்டேன்.” பிறகு சொன்னாள்: “பாடத்துல அட்ரீனல் அரைப் பக்கம் சார். நானே வேகமாத் தாண்டிருவேன்.”

5

மாத்திரை தொடங்கிய பதினேழாம் நாள், ஞாயிறு காலை, வாந்தி நிற்கவில்லை. வயிறு பிசைந்தது. கால் சில்லிட்டுப் போனது. முந்தின நாள் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான் செந்தூர்வேல். பதினோரு மணிக்கு அவளுக்குப் பேச்சு குழறியபோது பயந்து, காரில் போட்டுப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

டூட்டியில் இருந்த பெண் டாக்டர் உதட்டைப் பிரித்து ஈறுகளைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். போனை நீட்டினான்.

“இன்னொரு பக்கம் இருக்கணுமே?”

“அதுல ஒண்ணும் இல்ல மேடம்.”

டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வருகிறவரை காத்திருக்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு, உப்புத் தண்ணீர் பாட்டிலை ஏற்றினார். சாயங்காலம் செல்வி கண்விழித்தபோது டாக்டர் கட்டிலருகில் நின்று சொன்னார். கெட்டது அட்ரீனல். அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால், உடம்பு மிச்சமிருந்த கொஞ்சம் கார்ட்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். “இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது.”

மூன்று மாதம் கழித்து, அட்ரீனலுக்கு மட்டும் மருந்து எடுத்த நிலையில், டி.எஸ்.எச். தானாகவே இறங்கியிருந்தது. தைராய்டு கெட்டிருக்கவே இல்லை.

6

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், அவளுடைய அண்ணன் சுடலைராஜ் ஏரலிலிருந்து போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“எப்படி மாப்ள இப்படி ஆச்சு?”

செல்வி கணவனைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தை அனுப்பவில்லை என்று சொன்னால் போதும், அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டிருக்க மாட்டாள்.

“டாக்டர் ரிப்போர்ட்ட சரியாப் பாக்கல மச்சான். எல்லாத்தையும் அனுப்பினேன். இவனுவள நம்பி...”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு விசாரிக்க வந்த எல்லோருக்கும் அதே வாக்கியம். சொல்லச் சொல்ல அவன் குரலில் உறுதி கூடியது. உண்மையிலேயே கோபப்பட ஆரம்பித்தான்.

7

நான் எழுதுவது அவனுக்கு எப்படியோ தெரிந்து, ஒருநாள் பள்ளி வாசலில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தான்.

“அண்ணாச்சி, பேரு போடுங்க, போடாம இருங்க. ஆனா டாக்டர் பாக்கலன்னு எழுதிருங்க.”

“அவருக்கு ஒரு பக்கந்தான போச்சு?”

“ஒரு பக்கத்த வச்சு மருந்து எழுதுனது தப்பில்லையா?”

தப்புதான். அவனிடம் இருந்த ஒரே உண்மை அது. அதை முன்னால் நிறுத்தி, பின்னால் மறைந்துகொண்டான்.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ஏரலுக்குப் போய்விடுகிறாள். ஒன்றில் அவன் மச்சானுக்குப் போன் செய்து, “அந்தப் பக்கத்த நாந்தான்” என்று ஆரம்பித்து

(இல்லை. அவன் செய்யவில்லை. செய்ததாக எழுதினால் நானும் அவனைப்போல் ஒருவன்.)

மூன்றாவதில் அவள் செத்துப்போகிறாள். வெட்கத்தோடு சொல்கிறேன், கதையாக அதுதான் எடுப்பாக இருந்தது.

மூன்றையும் அவளிடம் கொடுத்தேன். நிதானமாக, ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துப் படித்தாள்.

“அவரு சொன்னது, நீங்க நெனச்சதுன்னு எல்லாரும் ஆளுக்கொரு முடிவு வச்சிருக்கீங்க சார்” என்றாள். “முடிவுன்னு எதுவும் போடாதீங்க. நான் இன்னும் அந்த வீட்லதான இருக்கேன்.”

மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.