இரண்டு வீட்டுக்காரர்

“காறித் துப்பாதீங்கப்பா. மெதுவா. இந்தக் கோடு வரைக்கும் எச்சில் வேணும்” என்று குழாயை நீட்டினாள் மகள்.

“உங்க தாத்தா பேரைச் சொல்லு. தானா வரும்.”

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தகப்பனாருக்கு வெளியூர் மில்லில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அப்பாவுக்குப் பத்து வயதானபோது அந்த வரவு நின்றது. லீவு போட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றது மில். அப்படியானால் சின்ன வீட்டுக்குத்தான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். நம்மை வேண்டாமென்றுதான் போனாரா? சாவதற்குள் அது தெரிந்தால் போதும் அப்பாவுக்கு.

பல் மருத்துவரிடம் நர்ஸாக இருக்கும் மகள், அரசாங்க இறப்புப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் தேடிச் சலித்த பிறகே டி.என்.ஏ. சோதனைக்கு வந்தாள்.

முடிவு, அதே சோதனை செய்திருந்த ஒரு பெண்மணியைக் காட்டியது. வேறு ஊர். ஒரே தகப்பன், வேறு தாய். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா” என்று தயங்கியது அந்தக் குரல். “அப்பா கடைசிவரைக்கும் உங்ககூடத்தானே இருந்தாரு?”

“எங்ககூடவா? உங்ககூடன்னுல்ல நினைச்சோம்?”

“எனக்கு நாலு வயசுல போனவரு. பெரிய வீட்டுக்காரி பிடிச்சு வச்சுக்கிட்டான்னு எங்கம்மா சாகிறவரைக்கும் திட்டுவாங்க.”

“எங்கம்மா திட்டு அதைவிடக் காரம்” என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். சட்டென்று நிறுத்தியும் விட்டார்கள்.

“அவரு பேரு மட்டும் என்னை விடலண்ணா. பேங்க்ல இன்ஷியலை விரிச்சு முன்னாடி போட்டுட்டாங்க. அப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்க.”

மகளுக்குப் பொறி தட்டியது. “ஒரு நிமிஷம், அத்தை” என்றாள்.

இத்தனை நாளும் தாத்தாவின் பெயரில்தான் தேடியிருந்தாள். அவருடைய இன்ஷியலை விரித்து, அவர் தகப்பன் பெயரில் தேடினாள். கிடைத்துவிட்டது; பதிவிலும் தகப்பன் பெயரையே முன்னால் போட்டிருந்தார்கள். மில் இருந்த ஊரின் பஸ் நிலையத்தில் நெஞ்சுவலி. அரசு மருத்துவமனை. மறுநாள் மரணம். அவர் லீவு போட்ட அதே வாரம். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. முகவரி: ‘சொல்லவில்லை.’

அவள் படித்து முடித்ததும் அப்பா கேட்டார். “பேரைச் சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு வீட்டைச் சொல்லத் தெரியாதா?”

“எந்த வீட்டைச் சொல்லுவாருப்பா?”

அத்தைதான் சொன்னாள். “உங்ககிட்டதான் வந்துக்கிட்டிருந்திருப்பாருண்ணா. நீங்கதானே மூத்தவரு.”

அறுபது வருஷமாக அப்பா கேட்க ஏங்கியது அது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார். “நான் பெரிய பையன், எப்படியும் சமாளிச்சுக்குவேன்னு அவருக்குத் தெரியும். நீ கைக்குழந்தை மாதிரி. உன்னைப் பார்க்கத்தான் கிளம்பியிருப்பாரு.”

அந்தப் பக்கம் அத்தை அழுதது மகளுக்குக் கேட்கவில்லை. அப்பா நெடுநேரம் “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.