கடற்கரை வீட்டு ஆணி

அறிவியல் கண்காட்சியில் நடுவர் இரண்டு மேசை தள்ளி நின்றார். கிளாடிஸ் டீச்சர் மகளின் அட்டையை இன்னொரு முறை நேராக்கினார். அதில் மூன்று இரும்பு ஆணிகள் நூலில் தொங்கின. கீழே ஸ்ரீவைகுண்டம், சாயர்புரம், தூத்துக்குடி கடற்கரை என்று எழுதியிருந்தது. கடற்காற்று இரும்பை எவ்வளவு துருவேற்றுகிறது என்பதுதான் ஒன்பதாம் வகுப்பு ஜெனிலாவின் ஆய்வு. மூன்று ஊர்களிலும் தெரிந்தவர் வீட்டு மாடிகளில் புது ஆணிகளைப் பல வாரம் தொங்கவிட்டிருந்தாள்.

கடற்கரை ஆணிதான் அதிகம் துருப்பிடித்திருந்தது. ஆனால் அது ஜெனிலா தொங்கவிட்டதல்ல. தோழி பெனிஷாவின் கடற்கரை வீட்டிலிருந்து ஜெனிலாவின் ஆணி துருவே இல்லாமல் திரும்பி வந்தது. வழிகாட்டி ஆசிரியையும் அம்மாதான். காலையில் வீட்டுப் பழைய கதவிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி அட்டையில் கட்டிவிட்டார்.

“நான் பாத்தது இது இல்லம்மா.”

“ஏளா, சும்மா இரு. கடக்காத்துல துருப்பிடிக்கும்னு புக்குலயே இருக்கு. தப்பா வந்தத வச்சா மாநிலப் போட்டிக்கு எவ எடுப்பா? நான் சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு.”

நடுவர் பானுப்ரியா வந்தார். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். மூன்றாவது ஆணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இது மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?”

ஜெனிலா அம்மாவைப் பார்த்தாள்.

“கடக்காத்து பலமா அடிக்கும்லா மேடம்” என்றார் கிளாடிஸ்.

பக்கத்து மேசை மாணவி சிரித்துவிட்டாள். “ஆணிய வளைக்கிற காத்துல வீடு மட்டும் நிக்குதாக்கும்!”

“நான் பிள்ளைட்ட கேட்டேன்” என்றார் நடுவர்.

அம்மாவின் கை ஜெனிலாவின் தோளை அழுத்தியது.

“இது எங்க வீட்டுக் கதவு ஆணி மேடம்.” பென்சில் பெட்டியிலிருந்து மற்றொன்றை எடுத்து நீட்டினாள். “உண்மையானது இதுதான். ஏன் துருப்பிடிக்கலன்னு எனக்குத் தெரியல.”

தோளிலிருந்து கை விலகியது.

பானுப்ரியா ஆணியைத் தேய்த்தார். விரல் வழுக்கியது. “தெரியலன்னா யார்ட்ட கேக்கணும்?”

ஜெனிலா அம்மாவின் போனை வாங்கி, பெனிஷாவின் அம்மா ஞானபாக்கியத்தை அழைத்து, ஆணியில் ஏதாவது தடவினாரா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் குரல் ஒலித்தது.

“ஆமா மக்களே, தேங்கா எண்ண தடவுனேன். உப்புக்காத்துல இரும்ப யாராச்சும் சும்மா விடுவாங்களா? பூட்டுக்குத் தடவையில அதுக்கும் ஒரு இழுப்பு இழுத்துட்டேன். ஏன், பத்தலயா?”

சுற்றிலும் சிரிப்பு. ஜெனிலா சிரிக்கவில்லை. “அப்போ அங்கன ரெண்டு ஆணி தொங்கவிடணும். எண்ணெ போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு” என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். நடுவர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

மாலையில் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஜெனிலாவின் பெயர் இல்லை.

“ஏளா, அழுகையா வருதா?” வாசலில் கிளாடிஸ் கேட்டார்.

“கொஞ்சம். நாளைக்குப் பெனிஷா வீட்டுக்குப் போகட்டாம்மா?”

கிளாடிஸ் அட்டையிலிருந்த கதவு ஆணியை அவிழ்த்துக் கைப்பையில் போட்டார்.

“போ. தனியாவே போ. இத்தன வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் விடைய நானே எழுதிக் குடுத்தேன். விடைய நாம குடுத்துட்டா, அதுக எப்ப தானா தேடிப் படிக்கும்?”