ஓப்பலுக்கு நாங்கள் போட்ட மார்க்

"ஓப்பல் எங்கன்னு மூணு தரம் கேட்டாச்சு. வாயைத் திறந்து சொல்லேம்ப்பா!"

"நீங்கதானே மேடம் அவங்களை வேலையை விட்டு அனுப்பினீங்க? இப்ப வந்து எங்கிட்ட எகிறினா?"

"நானா? நான் என்ன இந்தப் பூங்காவுக்கு முதலாளியா?"

போன செவ்வாய்க்கிழமை, நம் ஹெரன் லகூன் பூங்காவில், தவளைப் படகுத் துறையில் நடந்த சண்டை இது. கத்தியவர் வருடப் பாஸ் வைத்திருக்கும் நம் குழுவின் கேல். பதில் சொன்னவன் படகில் ஆள் ஏற்றும் ரூபன். பின்னால் என் மகள் டெஸ்ஸாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

டெஸ்ஸாவுக்கு இருபத்துநாலு வயது. பேச்சு வராது. அந்தப் பூங்காவில் அவள் ஏறக்கூடிய சவாரி இது ஒன்றுதான். பத்தொன்பது வருடமாக அவளை ஏற்றிவிட்டவர் ஓப்பல். நாற்காலியைப் பூட்டிவிட்டு, படகின் விளிம்பில் ரெண்டு தட்டு தட்டி, "கெளம்பலாமா கேப்டன்?" என்பார். டெஸ்ஸா திருப்பித் தட்டினால்தான் படகு நகரும். பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

"நாப்பத்தோரு பேரு மேடம்," என்றான் ரூபன். "ஒரே சனிக்கிழமையில வாசல் திரையில பத்துக்கு ஒரு மார்க் போட்டு, அவங்க பேரையும் எழுதியிருக்கீங்க. பேரு போட்டா அந்த மார்க் அவங்க தலையிலதான் விழும்."

"நான் அவங்களைத் தங்கம்னுல்ல எழுதினேன்!"

"அதை யாரு படிக்கிறா? நம்பரை மட்டுந்தான் பாப்பாங்க."

அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சவாரி வழியில் உள்ள பொம்மைத் தவளைகளில் பாதி பாடுவதில்லை, கழிப்பறை நாறுகிறது, பாஸ் விலை மட்டும் ஏறுகிறது. அதனால்தானே எல்லோருமாகச் சேர்ந்து, பூங்காவுக்கு மார்க் கேட்கும் வாசல் திரையில் ஒன்று போட்டோம்? கடைசிக் கேள்வி, ஊழியர் பெயர். சட்டையில் பெயரும் சொந்த ஊரும் குத்தியிருக்கும் அத்தனை பேரில் நமக்கு மறக்காதது ஒன்றுதான்: ஓப்பல், மேக்கன். "இங்கே உருப்படியாக இருப்பது இவர் மட்டும்தான்" என்று எழுதிவிட்டு, பெரிய காரியம் செய்ததாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

ரூபன் டெஸ்ஸாவைப் பதமாகத்தான் ஏற்றினான். அவள் விளிம்பில் ரெண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தாள். படகு கிளம்பிவிட்டது. சவாரி முடியும்வரை தட்டிக்கொண்டே வந்தாள்.

ஓப்பலுக்குப் போன் போட்டேன்.

"விடுங்க க்ளென், உங்க கோவம் நியாயந்தானே. பாஸ் வாங்கியிருந்தா நானும் ஒண்ணுதான் போட்டிருப்பேன்," என்று சிரித்தார். பிறகு, "கேப்டன் எப்படி இருக்கா?" என்றார்.

நல்லா இருக்கா என்று பொய் சொன்னேன்.

வேலையைத் திரும்பக் கேட்டு மேலிடத்தில் அவர் கொடுத்த மனுவை வருகிற வியாழக்கிழமை விசாரிக்கிறார்கள். அன்று அவரோடு நானும் போகிறேன். வெறுங்கையோடு போக முடியாது. அந்தச் சனிக்கிழமை நீங்களும் ஓப்பல் பெயரை எழுதியிருந்தால், அவரைப் பற்றி என்ன எழுதினீர்கள், அந்த ஒரு மார்க் உண்மையில் எதற்குப் போட்டது என்று உங்கள் முழுப்பெயரோடு இதன் கீழே பதில் போடுங்கள். புதன்கிழமைக்குள் அச்செடுக்க வேண்டும். முதல் ஆள் நான், க்ளென் ஆல்பிரிட்டன். இன்னும் நாற்பது பேர் வேண்டும். நீங்கள் அதில் ஒருவரா?