மஸ்டரில் டென்சில்

டென்சிலின் கழுத்தில் கட்டி புடைத்துக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, டாக்டரிடம் போவதற்கு முன்பே ஈவ்லின் ஒரு காரியம் செய்தாள். வேலையில்லாமல் வீட்டோடு இருந்த தம்பி ரோனியைக் கூப்பிட்டுப் புருஷனின் அடையாள அட்டையை அவன் கழுத்தில் மாட்டி, பெங்களூர் ரயிலுக்கு அனுப்பிவைத்தாள்.

அவளைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவள் அப்பா படுத்துக்கொண்டால் சித்தப்பா அவருடைய டோக்கனை எடுத்துக்கொண்டு கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குவார். பதிலி போவது என்று அதற்குப் பெயர். ஆள் மாறலாம், மஸ்டர் என்கிற ஹாஜர் புத்தகத்தில் பேர் மட்டும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் வேலை போச்சு. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் பயம் சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளை விட்டுப் போகவில்லை.

டென்சிலுக்கு பெங்களூரில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். அங்கே சூப்பர்வைசராக இருந்த முனியப்பனும் பக்கத்துச் சுரங்க ஊரான ஊரிகத்துக்காரர்தான். ரோனியைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“மஸ்டர்ல உங்க மாமா கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாரு. வாயத் தொறக்காத” என்றார். நல்ல மனுஷர். இந்த மாதிரி நல்ல மனுஷர்களால் வருகிற தொல்லைதான் பெரிய தொல்லை.

கட்டியைச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. மூலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஓய்வுச் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதைக் கிளை ஆபீசில் கொடுத்தால் சம்பளத்தில் பெரும்பகுதி வீடு தேடி வரும் என்றும் சொன்னார். ஈவ்லின் தலையாட்டிவிட்டு அத்தனையையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். ரோனி போய்க்கொண்டிருக்கிறான், மாமா பேரில் சம்பளம் வருகிறது, பிறகென்ன?

நான்கு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் குடோனில் முகத்தைப் பார்த்து ஹாஜர் போடுகிற மிஷின் வருகிறது என்றார்கள். ஒண்ணாம் தேதியிலிருந்து பதிலி செல்லாது. அதற்குள் ரோனியின் சுறுசுறுப்பைப் பார்த்திருந்த முனியப்பன், அதே தேதியிலிருந்து அவன் சொந்தப் பேரிலேயே வேலை போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வயதில் ரோனிக்குச் சொந்தப் பேரில் முதல் வேலை. அன்றைக்கு அவன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வந்தான்.

ஈவ்லின் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி, சர்டிபிகேட்டுகளையும் கம்பெனியிலிருந்து வரவழைத்த மஸ்டர் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஏம்மா, இந்தத் தேதியில உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தார்னு டாக்டர் எழுதியிருக்காரு. அதே தேதியில பெட்டி தூக்கினார்னு கம்பெனி சொல்லுது. இதுல எது பொய்?”

 ஈவ்லின் மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை; அதுவே ஈவ்லினை இன்னும் கூசவைத்தது.

“நோய்ப்படின்னு இந்தப் பணத்த வாங்குற காலத்துல யாரும் அவர வேலைய விட்டு எடுக்க முடியாதும்மா. சட்டத்துலயே இருக்கு. உன்ன யாரு ஆள் அனுப்பச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். எங்கூட்ல எப்பவும் அப்டித்தான்.”

“வேலை செஞ்ச ஆள் வந்து எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா சர்டிபிகேட் பொய்னுதான் ஆகும். மேல அனுப்பவே முடியாது.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது டென்சில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மருந்தில் முடி கொட்டி, குழாயடிவரை போக இரண்டு இடத்தில் உட்காருகிற ஆள் அவன்.

“ரோனிய இதுல இழுக்காத. மொதமொதலா பையன் ஒரு வேலைல நிக்கப் போறான். ஒண்ணாந்தேதி நானே போறேன்” என்றான்.

“இன்னாங்க பேசறீங்க? மருந்து பாதில கீது.”

“மருந்து பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று ஈவ்லினுக்குத் தெரியும். பெட்டி தூக்கப் போனால் புருஷன் திரும்ப மாட்டான். போகாமலிருக்க, ஆள் மாறி வேலை பார்த்தேன் என்று தம்பியை எழுதவைத்து அவன் பிழைப்பைக் கெடுக்க வேண்டும். அவளுக்கு யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அட்டையை மாட்டிவிட்டது அவள் கைதான். அவள் ரோனியிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் லைன் வீட்டுச் சுவருக்குள் ரகசியம் தங்காது.

மறுநாள் ரோனி ரயிலுக்குக் கிளம்பவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, “வா அக்கா, அந்த ஆபீசுக்குப் போலாம்” என்றான்.

“வேணாண்டா. உன் வேல…”

“மாமா இல்லன்னா நான் அந்த வேலய வச்சிகினு இன்னா பண்றது?”

ஆபீசில் அந்த அம்மாள் சொல்லச் சொல்ல ரோனி எழுதினான். நான்கு மாதமும் என் மாமாவுக்குப் பதிலாக நான்தான் வேலை செய்தேன், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அப்படியே திகைத்து நின்றான்.

‘டென்சில்’ என்று போட்டிருந்தான். கடைசி எழுத்தில் ஒரு நீள வாலை இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி.

“ஐயோ மேடம், கை பழகிப்போச்சு” என்று அடிக்கப் போனான்.

“அடிக்காதப்பா!”

அந்த அம்மாள் காகிதத்தைப் பிடுங்கி மஸ்டர் நகலின் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் அதே வால், அதே இரண்டு புள்ளி. எட்டு வருஷத்துக்கு முன் ஈ.எஸ்.ஐ. படிவத்தில் டென்சில் போட்டுக் கொடுத்த கையெழுத்தில் வாலும் இல்லை, கீழே புள்ளியும் இல்லை.

“நீ எழுதினத விட இதான் பெரிய சாட்சி. பக்கத்துல உன் பேர எழுது” என்றாள். பிறகு ஈவ்லின் பக்கம் திரும்பினாள். “சம்பளம் வாங்கின நாளுக்கு ஒண்ணும் வராதும்மா. இனிமேல் வர்ற நாளுக்குக் கிடைக்கணும்னு எழுதி நானே அனுப்புறேன். அவர வீட்டுல படுக்கச் சொல்லு.”

ரோனி பேனாவைத் திரும்ப எடுத்தான். சின்னப் பிள்ளை முதல் தடவை எழுதுகிற மாதிரி நிதானமாகத் தன் பேரை எழுதினான். ஈவ்லினுக்கு அழுகை தாங்கவில்லை. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள்.

விஷயம் கம்பெனிக்குப் போனது. முனியப்பனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ரோனியை இனி வாசல்பக்கமே வரக் கூடாது என்றார்கள்.

ஒண்ணாம் தேதி காலையில் ரயில் கூவியபோது டென்சில் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். கீழே பாயில் படுத்திருந்த ரோனி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

“படு மாமா. இன்னிக்கி ரெண்டு பேருக்கும் லீவு.”