மேலே பார்க்கும் குழாய்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனையில், கை கழுவும் இடத்தில் தொடங்கியது. கையெல்லாம் சோப்பு. குழாயைத் திறந்தால் நூல் பிடித்த மாதிரி தண்ணீர். சுவரில் ஒரு ஸ்டிக்கர்: ‘இந்தக் குழாய் தண்ணீரைச் சேமிக்கிறது.’ நுரை போகவில்லை. வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது இதில் வராது.

ஆனால் அந்தக் குழாயை யாரோ ஒருவர் வாங்கியிருப்பார். மாதிரிகளை மேஜையில் பரப்பி, திருகிப் பார்த்து, இது போதும் என்று சொல்லியிருப்பார். அவரைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அவர் பயப்பட ஆரம்பித்துவிட்டார். பயப்படுகிறவனைத் திட்ட எனக்கு வரவில்லை.

2

தொடக்கங்கள்:

‘ஊரெங்கும் வறட்சி. ஏரியின் அடிமண் வெடித்து’ (வேண்டாம். வெடித்த மண்ணை எல்லோரும் படம் பிடித்தாயிற்று.)

‘தண்ணீர் என்பது’ (கட்டுரை. அடுத்தது.)

‘அலுவலகத்தில் அவனை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.’

இது நிற்கட்டும். அரசுக் கட்டடங்களுக்குச் சாமான் வாங்கும் பிரிவில் சொட்டு அதிகாரி. நடக்கும்போதே ஒழுகும் குழாயைக் கண்டால் நின்று இறுக்கிவிட்டுப் போகிறவன். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவன் வாங்கியது ஒரு சின்னப் பித்தளை வளையம். குழாய் வாயில் திருகினால் உள்ளே இருக்கும் சல்லடை காற்றைக் கலந்து, பாதித் தண்ணீரையே வெளியே விடும். திருட்டுப் போகாத ரகம். தனிச் சாவி இல்லாமல் கழற்ற வராது. பள்ளிக்கூடம், நூலகம், நீதிமன்றம், எல்லா இடத்துக்கும் ஒரே உத்தரவு: எல்லாக் குழாய்களிலும்.

அந்த ‘எல்லா’வை அவன் ரசித்து எழுதினான். விலக்கு என்று ஒன்றைக் கொடுத்தால் ஆளுக்கொரு காரணத்தோடு வரிசையில் வந்து நிற்பார்கள் என்பது அவன் அனுபவம். தப்பென்று சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

3

வேலை முடிந்து, மிச்சமான வளையங்களைத் திருப்பிக் கொடுக்க பிளம்பர் வந்தார். சொட்டு டீ வரவழைத்தான்.

“ஒண்ணு விடல சார். உங்க பேரைக் காப்பாத்திட்டேன்.”

“நூலகத்துல?”

“முடிஞ்சுது.”

“பரிசோதனைக் கூடத்துல?”

“அதை ஏன் கேக்குறீங்க. உயிரை வாங்கிருச்சு சார் அந்த இடம். எந்தப் புண்ணியவான் கட்டினானோ, ரெண்டு குழாய் மேல பாத்துக்கிட்டு நிக்குது. தண்ணி கீழ விழணும்னுகூடத் தெரியாதவன் எல்லாம் கட்டடம் கட்ட வந்துடுறான்.”

சொட்டு டீயைக் கீழே வைத்தான்.

“வாசல்கிட்ட ஒரு ஷவர் வேற. சுத்திச் சுவரும் இல்ல, கீழ சாக்கடையும் இல்ல. வாசல்ல நின்னு யாரு சார் குளிப்பா? கல்யாண மாப்பிள்ளையா?”

“அதுலயும் போட்டீங்களா?”

“விடுவேனா? மரை சேரல. அரத்தால ராவி ஏத்தினேன். மேல பாக்குற ரெண்டுக்கும் பசை தடவி முறுக்கியிருக்கேன். இனி யானை வந்து இழுத்தாலும் வராது.” பிளம்பர் சிரித்தார். பிறகு, “ஏன் சார் முகம் ஒரு மாதிரி ஆகுது? எல்லாத்துலயும்னுதானே சொன்னீங்க?”

*

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அமிலமோ காரமோ கண்ணில் தெறித்தால், குனிந்து முகத்தை நீட்ட வேண்டிய குழாய் அது. ஒரு கண்ணுக்கு ஓர் ஊற்று. ஷவர், உடம்பில் கொட்டிக்கொண்டவர் ஓடி வந்து கீழே நின்று சங்கிலியை இழுப்பதற்கு. இரண்டிலும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டும், நிறைய நேரத்துக்கு. அங்கே மிச்சம் பிடிக்கிற தண்ணீர் கண்ணிலிருந்துதான் கழியும்.)

4

அந்தக் கூடத்தில் அவனுக்கு வேண்டியவர் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஒரு கடிதம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

முதல் வரைவில் அது மனைவி. வெட்டினேன். அடுத்ததிலும் கை மனைவி என்றே எழுதியது. மறுபடி வெட்டினேன். இப்போது அக்கா. எனக்கு அக்கா கிடையாது. அதனால் எழுத முடிகிறது.

அக்கா குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பவள். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள். சொட்டு போன் செய்தான். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

“என்னடா? கையுறையைக் கழட்ட வெச்சுட்ட.”

“சும்மாதான். தண்ணியெல்லாம் நல்லா வருதா அங்க?”

“நல்லா வருதாவா? உன் புண்ணியத்துல ஒரு குடுவை கழுவுறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும். வேணும்னே செய்யறியா, இல்ல யாராவது சொல்லிக் குடுக்குறாங்களா?”

“இல்லக்கா… அந்தக் கண் கழுவுற குழாயை இப்பத் திறந்து பாக்கிறியா?”

“எதுக்கு? வாராவாரம் திறந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். சோதனைங்கிற பேர்ல தண்ணியை வீணாக்காதீங்கன்னு சுற்றறிக்கை விட்டது எந்த மகராசன்?”

சொட்டு போனை மறு காதுக்கு மாற்றினான்.

“கேக்குதா? வெச்சிடட்டுமா? உதவியாளர் இன்னிக்கு லீவு. பெரிய அமில பாட்டிலை நானே தூக்கி வந்து மாத்தணும்.”

“அக்கா, அதை அப்புறம் செய்யேன்.”

“மாதிரி காத்துக்கிட்டு இருக்குடா. உன்னை மாதிரி நாற்காலியில உக்காந்தா சம்பாதிக்கிறேன்?”

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை.

5

ஏன் நேராகச் சொல்லவில்லை? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

வெட்கம் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று எழுதினேன். அதுவும் அவன் இல்லை. கடைசியில் பிடிபட்டது இதுதான்: வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று அவன் பயந்தான். படித்தவன்தான். ஆனாலும் ‘உன் கண்ணுக்கு’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை. என்னிடமும் அப்படிச் சில வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படித் தவிர்ப்பது என்று எனக்குத் தெரியும். பேச்சைத் தண்ணீர் பக்கம் திருப்ப வேண்டும், வானிலை பக்கம் திருப்ப வேண்டும்.

பரிசோதனைக் கூடத்துக்குச் சொட்டு பிளம்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனான். நடுவில் கருவிப் பை. பள்ளத்துக்குப் பள்ளம் இரும்பு குலுங்கியது.

“கழட்டிடலாம் சார், பயப்படாதீங்க. அறுத்தாவது எடுத்துடுவேன்.”

“வேகமாப் போங்க.”

“போறேன் சார். நம்ம ரெண்டு பேரும் முழுசாப் போய்ச் சேரணும்ல?”

வழியில் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூடிய இருட்டில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பார்த்தான். அடுத்த திருப்பம் வருமுன் திறந்துவிட்டான்.

6

இப்போது முடிவுகள்.

ஒன்று. அவர்கள் போய்ச் சேர்கிறார்கள். வளையங்கள் அறுபடுகின்றன. தண்ணீர் மேலே பீறிட்டு அடிக்கிறது. அக்கா முகம் நனைந்து, “லூசாடா நீ” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். (எழுதி முடித்துப் படித்தேன். பொய் சொல்லி ஒரு குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி இருந்தது.)

இரண்டு. அவர்கள் வாசலுக்கு வரும்போது உள்ளே கண்ணாடி உடையும் சத்தம். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரைத் தடவிக் குழாயைத் தேடுகிறாள். தேடி, பிடித்து, குனிந்து, திறக்கிறாள். அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

ஒன்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டில் எனக்குத் தைரியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதுவரை எழுதுகிறேன்.

7

கதவு திறந்திருந்தது. நீளமான கூடம். ஒரு கோடியில் அமில அலமாரி, மறு கோடியில் மேஜை. நடுவில் அக்கா.

பெரிய கண்ணாடி பாட்டிலை இரண்டு கைகளாலும் தூக்கி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அவனுடைய போனை எடுப்பதற்காக அவள் நெற்றிக்கு ஏற்றிய பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. இறக்கிவிட மறந்திருந்தாள். தரை ஈரம். மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று வாசலிலிருந்து தெரியவில்லை.

அவள் முதுகு பாதி வாசல் பக்கம் இருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

‘அக்கா’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் கை நழுவும். அவன் பல்லைக் கடித்து அதை விழுங்கினான். பின்னால் வந்த பிளம்பர் கருவிப் பையைக் கீழே வைக்கப் போனார். சொட்டு திரும்பாமலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். பை காற்றில் நின்றது. இரும்பு அசையவில்லை.

ஓடிப்போய்த் தாங்கலாமா என்று ஒரு காலை எடுத்தான். செருப்பு ஈரத்தில் கீச்சென்றது. அப்படியே நின்றுவிட்டான்.

அவள் ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள்.

இந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு பலமுறை இந்தத் தாளுக்குத் திரும்பி வந்தேன். பேனாவை எடுத்தால் கை அடுத்த சொல்லாக என்ன எழுதும் என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி என்று எழுதிய கை அது. எழுதாதவரை பாட்டில் அவள் கையில் இருக்கிறது, கண் அவள் முகத்தில் இருக்கிறது. ஆனால் பாரம் தூக்கி நிற்கிறவளை எவ்வளவு நேரம் அப்படியே நிறுத்தி வைப்பது? கை கடுக்காதா?

மேஜைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். என்னால் ஆகாது. உங்கள் கைக்கு என் கையின் பழக்கம் இல்லை. நீங்கள் அவளை நடக்க வையுங்கள். சத்தம் போடாமல். ஈரம் இருக்கும் இடத்தைச் சுற்றி.

மெதுவாக.